ரியல் எஸ்டேட் முகவர்கள் தொழில்நுட்பத்தில் சறுக்கும் இடங்கள்

விற்று மூன்று வாரமான வீட்டின் விளம்பரம், வீடுகளைப் பட்டியலிடும் இணையதளமான போர்டலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மறதியால் அல்ல. அதைப் பார்த்து நாலு பேர் கூப்பிடுவார்கள், கூப்பிட்டவர்களுக்கு வேறு வீட்டைக் காட்டலாம் என்ற கணக்கு. முகவர்கள் ஆன்லைனில் செய்யும் தவறுகளில் இதுதான் மிகச் சாதாரணமானது. சேதம் அதிகம் விளைவிப்பதும் இதுதான் என்பது என் எண்ணம். ஆசையோடு போன் செய்தவர் முதல் வாக்கியமாகக் கேட்பது, "அது போயிடுச்சு சார், ஆனா அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு." அதன் பிறகு நீங்கள் சொல்லும் பரப்பளவையும், உரிமையாளரின் கடைசி விலையையும் அவர் எதை வைத்து நம்புவார்?

தொழில்நுட்பம் என்றதும் முகவர்களிடையே பேச்சு எந்த ஆப், எந்த கேமரா, எந்த சாஃப்ட்வேர் என்று போய்விடுகிறது. அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது, பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்ற தகவல் ஒரு காலத்தில் முகவர் கையில் மட்டுமே இருந்தது. அமெரிக்காவில் ஸில்லோ என்ற வீட்டு விளம்பர நிறுவனம் 2006-இல் தளத்தைத் திறந்தபோது, கோடிக்கணக்கான வீடுகளின் மதிப்பீட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்தது. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட போர்டல்கள் இருக்கின்றன. தகவலைக் கையில் வைத்திருந்ததால் வந்த மதிப்பு கரைந்துவிட்டது. கொட்டிக்கிடக்கும் தகவலில் எது சரி, எது தப்பு என்று பொறுப்பேற்றுச் சொல்கிறவருக்கான மதிப்பு மட்டும் குறையவில்லை. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தாமல், கூட்டம் சேர்க்க மட்டும் பயன்படுத்துவதுதான் கீழே வரும் தவறுகளுக்கெல்லாம் அடிப்படை.

ஆகவே விற்ற அன்றே விளம்பரத்தை இறக்குங்கள், அல்லது 'விற்றது' என்று மாற்றுங்கள். உரிமையாளர் சம்மதித்தால் விற்ற வீடுகளுக்கென்று தனிப் பக்கம் வைக்கலாம். அதைப் பார்த்துத் தம் வீட்டை விற்கத் தேடி வருகிறவர்கள் உண்டு. இன்னொன்று: ஒரே வீட்டை ஐந்து முகவர்கள் ஐந்து விலையில் போட்டிருந்தால் வாங்க வருகிறவர் குறைந்த விலையில்தான் பேச்சைத் தொடங்குவார். எந்த விலையில், எத்தனை நாளைக்கு விளம்பரம் செய்யலாம் என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்காமல் எதையும் ஏற்றக்கூடாது.

அறையைப் பெரிதாக்கும் படங்கள்

மொபைல் கேமராவில் '0.5' என்று காட்டும் அல்ட்ரா வைட் லென்ஸைத்தான் பலரும் எல்லா அறைக்கும் பயன்படுத்துகிறார்கள். பல போன்களில் அது 13 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம்; இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும். வீட்டின் உட்புறத்தைப் படமெடுக்கும் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் 16 முதல் 24 மில்லிமீட்டருக்குள் நின்றுகொள்கிறார்கள். அதைவிட அகலமாகப் போனால் எதிர்ச் சுவர் தள்ளிப்போகும், ஓரத்தில் இருக்கும் சோபா இழுபடும், சின்ன படுக்கையறை ஹால் மாதிரித் தெரியும்.

நேரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கணவனும் மனைவியும் வருகிறார்கள். அந்த அம்மா நேராகப் படுக்கையறைக்குப் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்று, எதிர்ச் சுவர் வரை அடி வைத்துப் பார்க்கிறார். "படத்துல பெருசா தெரிஞ்சுதே" என்று கணவரிடம் மெதுவாகச் சொல்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை, குறையைத் தேடுகிறார்கள். குழாயைத் திறந்து பார்ப்பதும், கதவை இரண்டு முறை சாத்திப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். அறை சின்னது என்பது படத்திலேயே தெரிந்திருந்தால், சின்ன அறை போதும் என்கிறவர் மட்டும் வந்திருப்பார். உங்கள் ஒரு மாலை நேரமும் மிச்சமாகியிருக்கும்.

வழி சுலபம். பகல் வெளிச்சத்தில், போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சுவர் விளிம்புகள் சாயாமல் நேராக நிற்கும்படி வாசலிலிருந்து எடுங்கள். சாதாரண லென்ஸுக்குள் அடங்காத இடத்தில் மட்டும் அகல லென்ஸுக்குப் போங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அறையின் நீள அகலத்தைப் போடுங்கள். எந்த அறை எங்கே இருக்கிறது என்று காட்டும் தரைத் திட்டப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். ட்ரோன் வீடியோவுக்குச் செலவு செய்துவிட்டுத் தரைத் திட்டம் போடாத விளம்பரங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தன் கட்டில் எங்கே போடுவது என்று யோசிக்கிறவருக்கு வானத்திலிருந்து எடுத்த காட்சியால் என்ன பயன்?

காலி அறையில் கம்ப்யூட்டரால் மேசை நாற்காலி சேர்ப்பது தப்பில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. சுவர் விரிசலையும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பத்தையும் அழிப்பது நேரடியான ஏமாற்று. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல், மாற்றப்பட்ட படம் என்று விளம்பரத்திலேயே சொல்லி, அசல் படத்தையும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. உங்கள் ஊரில் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குடியிருக்கும் வீட்டைப் படமெடுக்கும்போது குழந்தைகளின் போட்டோ, சுவரில் மாட்டிய சான்றிதழ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். தெளிவான படத்தைப் பார்த்து மாற்றுச் சாவி செய்ய முடியும். காலி வீட்டின் படங்களைத் திருடி, வாடகைக்கு என்று போலி விளம்பரம் போட்டு முன்பணம் பறிக்கும் மோசடியும் நடக்கிறது. உங்கள் பெயரைப் படத்தின் குறுக்கே போடுவது ஓரளவு தடுக்கும். அந்த வீட்டு விளம்பரம் வேறு எங்கே வந்திருக்கிறது என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

பதில் சொல்லத் தாமதம், தப்பான பதில்

விளம்பரத்துக்குப் பணம் கொட்டிவிட்டு, வந்த விசாரிப்புக்கு மறுநாள் பதில் சொல்வது வீண் செலவு. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆன்லைனில் வரும் விசாரிப்புகளை நிறுவனங்கள் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தது. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட உருப்படியான பேச்சு அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு இருந்தது. ஒரு நாளோ அதற்கு மேலோ ஆக்கியவர்களோடு ஒப்பிட்டால் 60 மடங்குக்கும் அதிகம். இது ரியல் எஸ்டேட்டுக்கு மட்டுமான ஆய்வு இல்லை. ஆனால் வீடு தேடுகிறவர் ஒரே மூச்சில் நாலு முகவர்களுக்கு மெசேஜ் அனுப்புகிறவர் என்பதால் இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

வேகம் மட்டும் போதாது. இரவு பத்து மணிக்கு "இன்னும் இருக்கா?" என்று ஒரு மெசேஜ் வருகிறது. மறு நொடியில் தானியங்கிப் பதில்: "எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி! எங்கள் பிரதிநிதி விரைவில் அழைப்பார்." கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. "இருக்கு. இன்னைக்குக் காலையில ஓனர்கிட்ட பேசினேன். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இல்லன்னா சனிக்கிழமை காலையில பார்க்கலாம். எத்தனை பேர் இருக்கப் போறீங்க?" இதுதான் பதில். வீட்டின் நிலவரம் சொல்லியாயிற்று, நேரம் சொல்லியாயிற்று, பேச்சு தொடர ஒரு கேள்வியும் கேட்டாயிற்று. தானியங்கிப் பதில் வைப்பதானால் அது தானியங்கி என்று தெரியும்படியும், எத்தனை மணிக்கு நீங்களே பேசுவீர்கள் என்று சொல்லும்படியும் எழுதுங்கள். சொன்ன மணிக்குப் பேசுங்கள்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் நம்பரைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். மெசேஜ் போகவில்லையே என்று முன்பின் தெரியாதவர்களை ஒரே குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எரிச்சலில் பலர் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். பிசினஸ் வாட்ஸ்அப்பில் லேபிள் வசதி இருக்கிறது. இரண்டு படுக்கையறை தேடுபவர், நிலம் தேடுபவர் என்று பிரித்து வைத்து, அவரவருக்கு வேண்டியதை மட்டும் அனுப்பினால் திறந்து பார்ப்பார்கள்.

இயந்திரம் சொல்லும் விலை, இயந்திரம் எழுதும் வர்ணனை

"ஆன்லைன்ல இவ்வளவுதான் காட்டுது" என்று பார்ட்டி போனை நீட்டும்போது சில முகவர்கள் "அதெல்லாம் சும்மா" என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஸில்லோ நிறுவனம் 2018-இல் தானே வீடுகளை வாங்கி விற்கத் தொடங்கியது. விலை எப்படி நகரும் என்று கணிப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தத் தொழிலை மூடுவதாக அறிவித்து, ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேரைக் குறைத்தது. அத்தனை தரவு வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை. மழைக்காலத்தில் எந்தச் சுவர் கசியும், மதியத்துக்கு மேல் எந்த அறையில் வெயில் அடிக்கும் என்பது கணினிக்குத் தெரியாது. அண்மையில் கைமாறிய மூன்று நான்கு வீடுகளை எடுத்துவைத்து, இந்த வீடு எதில் கூடுதல், எதில் குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்யும் முகவருக்கு எந்த ஆப்பும் போட்டியில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

வர்ணனையிலும் இதே கதைதான். கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு விளம்பர வாசகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் ஆகிவிட்டன: 'கனவு இல்லம்', 'அமைதியும் ஆடம்பரமும்'. அலுப்பு தட்டுவதைவிடப் பெரிய ஆபத்து, அது தெரியாததைத் தெரிந்தது போல் எழுதுவது. பள்ளி நடை தூரத்தில் என்று தானாகவே சேர்த்துவிடும். பள்ளி இல்லை என்றால் பொய் சொன்னவர் நீங்கள், சாஃப்ட்வேர் அல்ல. நீங்கள் சரிபார்த்த விவரங்களை மட்டும் கொடுத்து, எழுதி வந்ததை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வாடிக்கையாளரின் அடையாள ஆவணத்தையோ ஒப்பந்தத்தையோ அதில் அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். வீட்டு விளம்பரங்களில் பாகுபாட்டுக்கு இடம் கொடுத்ததாக ஃபேஸ்புக் மீது அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 2019-இல் குற்றம் சாட்டியது. இப்போது அங்கே வீட்டு விளம்பரத்தை வயது, பாலினம் பார்த்துக் குறிவைக்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் சேர்த்த ஆட்கள் உங்கள் சொத்து இல்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது அங்கே சேர்த்த தொடர்புகளும் அதோடு போயின. சம்மதம் வாங்கிய பெயர், நம்பர், என்ன தேடினார், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் தனியாக, காப்புப் பிரதியோடு இருக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் தேவையில்லை. தினமும் எழுதப்படும் ஒரு சாதாரண அட்டவணை, வாங்கிப் போட்டுவிட்டுத் திறக்காத சாஃப்ட்வேரைவிட நூறு மடங்கு மேல்.

கமிஷன் எதற்கு என்று சொல்லத் தெரியாமல் இருப்பது

அமெரிக்காவில் முகவர்களின் தேசியச் சங்கம், வீடு விற்றவர்கள் தொடுத்த கமிஷன் வழக்குகளை முடிக்க 2024 மார்ச்சில் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதன்படி அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், விற்பனைக்கு வரும் வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும் சங்கத்தின் பட்டியல் முறையைப் பயன்படுத்தும் முகவர் வாங்குபவருக்கு வீட்டைக் காட்டும் முன்பே கட்டணத்தை எழுத்தில் ஒப்பந்தமாக்க வேண்டியதாயிற்று. வீட்டைக் காட்டுவது மட்டுமே தன் வேலை என்று இருந்தவருக்கு அந்தத் தாளில் எழுத எதுவும் இருக்காது. எந்த ஆவணங்களைச் சரிபார்க்கிறீர்கள், விலைப் பேச்சில் யார் பக்கம் நிற்கிறீர்கள், பதிவு வரை என்னென்ன செய்கிறீர்கள், எதை வக்கீலிடமோ பொறியாளரிடமோ விடுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி முதல் சந்திப்பிலேயே கொடுங்கள்.

அந்தத் தாளிலேயே பணம் பற்றியும் எழுதிவிடுங்கள். முகவரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, பேச்சுவார்த்தையை முழுக்கப் படித்து, பணம் அனுப்பும் நாள் பார்த்து "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று அவர் பெயரிலேயே எழுதும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் சில நிமிடங்களில் போய்விடும். உள்ளே நுழைய இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இன்றே போட்டுவிடுங்கள். கணக்கு எண் மாறியதாக யார் எழுதினாலும், நீங்களே எழுதியது போல் இருந்தாலும், பணம் அனுப்பும் முன் இந்த நம்பரில் கூப்பிட்டு உங்கள் குரலில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அந்தத் தாளில் பெரிய எழுத்தில் போட்டு, படித்துக் காட்டியே கொடுங்கள்.