பச்சைப் புள்ளியை நம்பும் மேனேஜர்கள்: ரிமோட் டீமை நடத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபீஸ் சாட்டுக்கும் மீட்டிங்குக்கும் பயன்படும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பில் கொஞ்ச நேரம் மவுஸ் அசையாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். சிக்கலான ஒரு டிசைனைப் பேப்பரில் கிறுக்கி யோசித்துக்கொண்டிருப்பவர் மஞ்சளாகத் தெரிவார். மவுஸைத் தானாக அசைக்கும் கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தூங்குபவர் நாள் முழுக்கப் பச்சையாகவே இருப்பார். இது தெரிந்திருந்தும் அந்தப் புள்ளியை வைத்து ஆளை எடைபோடும் மேனேஜர்கள் ஏராளம். கீபோர்டில் எத்தனை முறை தட்டினார் என்று எண்ணுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என்று சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஆள் இருப்பதை அளந்தால், இருப்பதுபோல் காட்டிக்கொள்ளும் திறமைதான் டீமில் வளரும்.

மைக்ரோசாஃப்ட் 2022இல் வெளியிட்ட ஒரு சர்வேயில், நாங்கள் நன்றாகவே வேலை செய்கிறோம் என்று 87 சதவீத ஊழியர்கள் சொன்னார்கள். ஆபீஸ் பாதி, வீடு பாதி என்ற ஹைப்ரிட் முறைக்கு மாறிய பிறகு அதை நம்புவது கஷ்டமாக இருக்கிறது என்றார்கள் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் 85 சதவீதம் பேர். இரண்டு தரப்புமே உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆபீசில் மேனேஜரின் பாதி வேலையைக் கண் பார்த்துக்கொண்டது. யார் திணறுகிறார், யார் சும்மா இருக்கிறார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் நடந்து போகும்போதே தெரிந்துவிடும். ரிமோட்டில் அந்தக் கண் இல்லை. அதன் இடத்தை எழுத்து பிடித்திருக்க வேண்டும். பல டீம்களில் எதுவுமே பிடிக்கவில்லை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து முளைத்தவை.

வேலையை அரைகுறையாகச் சொல்வது

"அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ரெடி பண்ணிடுங்க, அர்ஜென்ட்." பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இது போதும். புரியாவிட்டால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடுவார். வீட்டில் இருப்பவர் கேட்கத் தயங்குவார், ஊகிப்பார், இரண்டு நாள் உழைத்து இருபது பக்கத்தை அனுப்புவார். உங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒரே பக்கம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"க்ளையன்ட்டின் ஃபைனான்ஸ் ஹெட் படிக்கப்போகிறார். ஒரு பக்கம் போதும். போன காலாண்டுச் செலவு, இந்தக் காலாண்டுச் செலவு, வித்தியாசத்துக்கு மூன்று காரணங்கள். வியாழன் மாலை 4 மணிக்குள் வேண்டும். எண்களில் சந்தேகம் வந்தால் அக்கவுன்ட்ஸ் டீமைக் கேளுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

எழுத மூன்று நிமிடம் ஆகும். யாருக்காக, எவ்வளவு, எப்போது, தடங்கினால் யாரிடம் கேட்பது என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. அனுப்பிய பிறகு பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வியாழன் மாலை வேலை வந்ததா என்று பார்த்தால் போதும்.

சந்தேகத்தை மீட்டிங் போட்டுத் தீர்ப்பது

எட்டுப் பேர் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆளுக்கொரு அப்டேட் வாசித்தால் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் போகிறது. இதில் பெரும்பாலோர் ம்யூட்டில் மெயில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்டேட்டை எழுதி வாங்குங்கள். விவாதிக்க, முடிவெடுக்க மட்டும் கூடுங்கள். பல நாடுகளில் ஊழியர்களை வைத்துக்கொண்டு முழுக்க ரிமோட்டாகவே இயங்கும் கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் தன் வேலை முறைகளை ஒரு ஹேண்ட்புக்காக எழுதி, வெளியாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டாம். உங்கள் டீமுக்கென்று நான்கு பக்கம் இருந்தாலே பாதி மீட்டிங்குகள் குறையும்.

நேர் எதிரான தவறும் உண்டு. சாட்டில் மூன்று முறை பதிலுக்குப் பதில் போயும் விஷயம் முடியவில்லை என்றால், அதற்கு மேல் டைப் செய்யாதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது. சாதாரணக் கேள்விகூடக் குற்றச்சாட்டாகப் படும். போனில் பேசுங்கள், பேசி முடித்ததை அதே சாட்டில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். கடுமையான ஃபீட்பேக்கும் சாட்டில் வேண்டாம்.

சாட் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேனேஜரிடமிருந்து "ஹாய், ஃப்ரீயா?" என்று ஒரு மெசேஜ். பார்த்தவருக்கு வேலை போய்விடுமோ என்று வயிற்றைக் கலக்கும். "நாலாவது ஸ்லைடில் ஒரு சின்ன சந்தேகம், திங்கட்கிழமை பேசினால் போதும்" என்று எழுதியிருந்தால் அவருடைய வாரக் கடைசி பிழைத்திருக்கும்.

பாதி ஆபீசில், பாதி வீட்டில்

எல்லோரும் வீட்டில் இருந்தால் சமாளித்துவிடலாம். கலப்பு டீம்தான் உண்மையான சிக்கல். கான்ஃபரன்ஸ் ரூமில் ஐந்து பேர், ஒரே மைக், திரையில் ஒருவர். ரூமில் ஒரு ஜோக், எல்லோரும் சிரிக்கிறார்கள், திரையில் இருப்பவருக்கு எதுவும் கேட்கவில்லை. மீட்டிங் முடிந்த பிறகு வராந்தாவில் முடிவு மாறுகிறது. அது அவருக்கு மறுநாள்தான் தெரிகிறது. ஒருவர் ரிமோட்டில் இருந்தால்கூட எல்லோரும் அவரவர் லேப்டாப்பிலிருந்து சேரட்டும். எழுதாத முடிவு செல்லாது என்று ஒரு கறாரான விதி வையுங்கள்.

டீமுக்குள் சரியாக இருந்தாலும் டீம்களுக்கு இடையே தொடர்பு அறுந்துபோகும். மைக்ரோசாஃப்டின் 61,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஊழியர்களின் 2020ஆம் ஆண்டு முதல் ஆறு மாதத் தரவை ஆராய்ந்து 2021இல் வந்த கட்டுரை சொன்னது இதைத்தான்: எல்லோரும் ரிமோட்டுக்குப் போனதும் குழுக்கள் தங்களுக்குள் சுருங்கின, குழுக்களுக்கு இடையிலான பாலங்கள் குறைந்தன. அந்த அறிமுகங்களை இனி மேனேஜர்தான் வேலை மெனக்கெட்டு ஏற்படுத்தித் தர வேண்டும்.

கடிகாரம்

பல நேர மண்டலங்களில் ஆட்கள் இருந்தால், ராத்திரி மீட்டிங் எப்போதும் ஒரே ஆளின் தலையில் விழக்கூடாது. முறை வைத்து மாற்றுங்கள். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், ஐரோப்பா கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் தள்ளும். இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பார். வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்புகொள்வது சில நாடுகளில் சட்டப் பிரச்சினையாகவே ஆகலாம்: பிரான்ஸ் 2017இலும், போர்ச்சுகல் 2021இலும், ஆஸ்திரேலியா 2024இலும் இதற்கு வரம்பு கட்டியிருக்கின்றன. ராத்திரி தோன்றியதை ராத்திரியே எழுதலாம். 'ஷெட்யூல் சென்ட்' வசதி அதற்குத்தான் இருக்கிறது.

தனியாகப் பேசுவதைத் தள்ளிப்போடுவது

வேலை நெருக்கினால் முதலில் கேன்சல் ஆவது, மேனேஜரும் ஊழியரும் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன். நடக்கும்போதும் அது வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் இன்னொரு மீட்டிங்காகவே ஓடும். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் யாருடைய பதிலுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தீங்க?" என்று கேளுங்கள், விஷயம் வெளியே வரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது வாரம் ஒருமுறை போதாது. முதல் மாதம் கூச்சமில்லாமல் எதையும் கேட்க ஒரு சீனியரையும் கைகாட்டிவிடுங்கள்.

கண்ணில் படாதவரை மறப்பது

ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு சீனப் பயண நிறுவனமான சி-ட்ரிப்பில் கால் சென்டர் ஊழியர்களை வைத்து ஒன்பது மாதச் சோதனை நடத்தியது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. அப்படியிருந்தும், அதே அளவு வேலை காட்டிய ஆபீஸ்காரர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் ப்ரொமோஷன் கிடைப்பது குறைவாகவே இருந்தது. சோதனை முடிந்ததும் கணிசமானவர்கள் ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை ஒரு முக்கியக் காரணம்.

அப்ரைசல் நேரத்தில் ஞாபகத்தை நம்பி மார்க் போடாதீர்கள். முதலில் ஆறு மாத டிக்கெட்டுகளையும் (ஒதுக்கப்பட்ட வேலைகளின் பதிவுகள்) டெலிவரிகளையும் திறந்து, ஆளாளுக்கு அரைப் பக்கம் குறிப்பு எழுதுங்கள். யாருக்கு எழுதும்போது பேனா நகரவில்லையோ, மார்க் போடும் முன் அவரை அழைத்து என்னென்ன செய்தார் என்று கேளுங்கள்.