ஒவ்வாமைப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் ஒவ்வாமைக்கு மருத்துவம் பார்க்கிறேன். முதன்முறையாகப் பரிசோதனைக்கு வரும் குடும்பங்களும், அவர்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பும் இளம் மருத்துவர்களும், எங்கள் தலைமுறை செய்து சலித்த தவறுகளையே மறுபடி செய்வதைப் பார்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன். பழைய சீட்டுகளை எடுத்துவர மறப்பது, முழுக்கைச் சட்டையோடு வந்து கையை மடக்க முடியாமல் திணறுவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அவற்றால் ஒரு நடை வீணாகும், அவ்வளவே. காசையும் உடம்பையும் சேர்த்துக் கெடுப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சளி மாத்திரை போட்டுக்கொண்டு வருவது

தோல் குத்துப் பரிசோதனையில், முன்கையில் ஒவ்வொரு பொருளின் சாற்றிலும் ஒரு துளி வைத்து, அதன் வழியே தோலின் மேற்பரப்பை நுண்ணிய ஊசியால் லேசாகக் குத்துவோம். 15 முதல் 20 நிமிடத்தில் கொசுக்கடி போன்ற தடிப்பு எழுகிறதா என்று பார்த்து அதன் விட்டத்தை அளப்போம். இவற்றோடு இன்னும் இரண்டு துளிகள் வைப்பதுண்டு: ஒன்று, ஒவ்வாமையின்போது உடம்பே வெளியிட்டுத் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின், அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும், மற்றொன்று வெறும் உப்புநீர், அது யாருக்கும் தடிக்கக் கூடாது. உப்புநீர் இருந்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக எழுந்த தடிப்பையே கணக்கில் எடுப்போம்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின், அவில் போன்ற மாத்திரைகளின் வீரியம் உடம்பில் இருக்கும்வரை ஹிஸ்டமின் துளியே தடிக்காது. அந்த நிலையில் மற்றத் துளிகள் தடிக்கவில்லை என்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆகவே வழக்கமாக ஒரு வாரம் இவற்றை நிறுத்தச் சொல்வோம். பெரும்பாலோர் சொன்னபடி நிறுத்தியும் விடுகிறார்கள். ஆனால் முந்தின இரவு லேசாகக் காய்ச்சல் அடித்தது என்று மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார்கள். அந்தச் செட்டில் இதே வகை மருந்தான குளோர்ஃபெனிரமின் இருந்திருக்கும். இருமல் டானிக்குகள் பலவற்றிலும் அது உண்டு. தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினும் தடிப்பை அமுக்கும், எனினும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நிறுத்தத் தேவையில்லாத இன்ஹேலரையும் மூக்கு ஸ்பிரேயையும் மான்டிலுகாஸ்ட் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தவே முடியாதவருக்கு ரத்தத்தில், குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைப் பார்க்கலாம். அந்தப் பரிசோதனையை மாத்திரை கெடுப்பதில்லை.

வீசிங் அடங்காதபோது குத்துப் பரிசோதனைக்கு உட்காருவது

கூடாது. மூச்சு சீரான பிறகு வாருங்கள்.

மல்லிகையைக் குற்றவாளி ஆக்குவது

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-ஆம் ஆண்டில்; தும்மலுக்கான பழி அதற்கு வெகு காலத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. பூ வைத்தால் தும்முகிறேன், ஆகவே மல்லிகைக்குச் சோதியுங்கள் என்று கேட்காத மாதமில்லை. பூச்சிகளை வரவழைத்து மகரந்தச் சேர்க்கை நடத்தும் பூக்களின் மகரந்தம் கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் காற்றில் அதிகம் பறப்பதில்லை. மணமே சிலருடைய மூக்கை உறுத்தும் என்பது உண்மைதான். ஊதுபத்தியும் போகிப் புகையும் உறுத்துவதும் அந்த வகையே. அது ஒவ்வாமை அன்று என்பதால் எந்தப் பரிசோதனையிலும் அது வராது. ஆண்டு முழுவதும் மூக்கடைத்துக் கிடக்கும் ஒருவரிடம் நான் முதலில் தேடுவது, மெத்தைத் தூசில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சியையும் கரப்பான்பூச்சியையும்தான். பருவத்தை ஒட்டித் தும்முபவரிடம் புற்களின் மகரந்தத்தையும், கண்மாய்க்கரை எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தத்தையும் தேடுவேன். மலர்ச் சந்தையில் நாள் முழுவதும் பூவிலேயே கைவைத்து வேலை செய்பவர்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். தொழிலால் வரும் ஒவ்வாமைக்குக் கணக்கு வேறு.

கேள்வியே இல்லாமல் முழுப் பட்டியலுக்கு ரத்தம் கொடுப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளையும் தூசுகளையும் ஒரே ரத்த மாதிரியில் சோதித்துத் தருவதாகச் சொல்லும் தொகுப்புகள் சலுகை விலையில் விற்கப்படுகின்றன. நோயாளி மருத்துவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவழிந்த பிறகு வண்ண வண்ணமாகப் பல பக்க அறிக்கை கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அதில் சிவப்பாக இருப்பதையெல்லாம் அன்று இரவே அடுக்களையிலிருந்து வெளியேற்றி விடுகிறார்கள்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் ஐந்து வயது மகனை அழைத்து வந்தார். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் என்னும் தோல் அழற்சி (எக்ஸிமா), இரவெல்லாம் சொறிகிறான். அறிக்கையில் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, இறால், கத்தரிக்காய் எல்லாம் சிவப்பு. கருவாட்டையும் கத்தரிக்காயையும் கரப்பான் பண்டம் என்று பாட்டி ஏற்கெனவே விலக்கி வைத்திருந்த வீடு அது. அறிக்கை வந்ததும் அந்த விலக்குக்கு ஆய்வக முத்திரையும் கிடைத்துவிட்டது. ஓராண்டுக்கு மேலாகப் பையனுக்குக் கஞ்சியும் ரசம் சோறும்தான். எடை ஏறவில்லை, கரப்பானும் குறையவில்லை.

“ஏம்மா, ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடி பால் குடிச்சுக்கிட்டு இருந்தானா?” என்று கேட்டேன்.

“தினமும் ரெண்டு வேளை குடிப்பான் டாக்டர். ஒண்ணும் செய்யாது. ரிப்போர்ட்ல வந்திருக்கேன்னுதான் நிறுத்தினோம்.”

பாலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பதிலிலேயே இருந்தது. ஓராண்டுக்கு முன்பு யாராவது இதைக் கேட்டிருந்தால் ரத்தமே எடுத்திருக்க வேண்டாம்.

ரத்தத்தில் ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇ இருக்கிறது என்றால், உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பது மட்டுமே உறுதி. அதை உண்டால் தொல்லை வருமா என்பது தனிக் கேள்வி. லிட்டருக்கு 0.35 கிலோ அலகைத் தாண்டினால் ஆய்வகம் பாசிட்டிவ் என்று அச்சிடும். அந்த அளவில் இருப்பவர்களில் பலர் அதே உணவை எந்தத் தொல்லையும் இல்லாமல் உண்டு வருகிறார்கள். எண் கூடக் கூட ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்புக் கூடும் என்றாலும், வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. தூசுப்பூச்சி, கரப்பான்பூச்சி, இறால் மூன்றின் தசையிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருப்பதால், தூசுப்பூச்சிக்கு ஒவ்வாமை உள்ளவரின் ரத்தம் இறாலுக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடும். ஞாயிறுதோறும் இறால் தொக்கு சாப்பிட்டு வந்த ஒருவர் இப்படித்தான் தும்மலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு இறாலை விட்டார். தும்மல் அவரை விடவில்லை. புல் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவரின் அறிக்கையில் கோதுமை சிவப்பாவதும் இதே வழியில்தான்.

வீண் பத்தியம்தானே, எடை குறைந்தால் பிறகு தேற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரப்பான் உள்ள குழந்தை தாங்கிக்கொண்டிருந்த ஓர் உணவைக் காரணமின்றி நீண்ட காலம் நிறுத்தினால், மறுபடி கொடுக்கும்போது முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை, சில சமயம் உயிருக்கே ஆபத்தான வடிவில், வெளிப்பட்டதுண்டு. குடலுக்குப் பழகிய உணவை உடம்பு பொறுத்துக்கொள்கிறது. பழக்கம் விட்டுப்போய், சொறிந்து புண்ணான தோல் வழியே மட்டும் அதைச் சந்தித்தால் எதிரியாக எடுத்துக்கொள்ளக்கூடும். பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வாய்ப்பு மிகுந்த கைக்குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே நிலக்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்து வந்தபோது, ஐந்து வயதில் நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. காரணமின்றி விலக்குவதால் வரும் நட்டத்தை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஐஜிஇ தொகுப்பாவது பரவாயில்லை என்று சொல்லவைக்கும் சரக்கும் சந்தையில் இருக்கிறது. உணவு ஏற்காமை என்ற பெயரில் ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்புரதத்தை அளந்து தருகிறார்கள். ஓர் உணவை அடிக்கடி உண்டால் அதற்கு ஐஜிஜி உண்டாவது இயல்பு. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-ஆம் ஆண்டிலேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டது. நாள்தோறும் இட்லி உண்பவருக்கு அரிசியும் உளுந்தும் சிவப்பாக வந்தால் அவர் இட்லி சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஆய்வகம் எதற்கு?

உணவைச் சந்தேகிப்பவர்கள் ரத்தம் கொடுக்குமுன் இவற்றை எழுதிக்கொண்டு வர வேண்டும்: எதை, எவ்வளவு உண்டபோது வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது, அதே உணவை உண்ணும் ஒவ்வொரு முறையும் வருகிறதா, அன்று வலி மாத்திரை ஏதேனும் போட்டிருந்தாரா, உடன் உண்டவர்களுக்கு என்ன ஆயிற்று. உடனடி வகை உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படும். கடைசிக் கேள்வியை மதுரையில் நான் விடுவதே இல்லை, ஏனெனில் இங்கே கடல்மீன் ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிறது. வழியில் ஐஸ் போதாமல் போனால் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் பெருகிவிடும், கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டவர்களில் பலருக்கும் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வந்தால், அது கெட்ட மீனின் நஞ்சே ஒழிய ஒவ்வாமை அன்று. இதைக் கேட்காமல் விட்டால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கி வைப்பார்.

இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை எந்தப் பொருளைச் சுட்டுகிறதோ அதற்கு மட்டும் சோதித்தால் போதும். அதன் பிறகும் ஐயம் இருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதே முடிவான பரிசோதனை. திருமங்கலத்துப் பையனுக்குப் பாலையும் முட்டையையும் அப்படித்தான், அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டையும் தாங்கிக்கொண்டான். குத்துப் பரிசோதனையில் பெரிதாகத் தடித்தது தூசுப்பூச்சி ஒன்றுதான். பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தையை மாற்றி, உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, தோலுக்கு ஈரப்பதக் களிம்பும் மருந்துக் களிம்பும் ஒழுங்காகத் தடவி வந்ததில் பையன் இரவில் தூங்கத் தொடங்கினான்.

மொத்த ஐஜிஇ எண்ணைக் கண்டு அஞ்சுவது

ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று பதறி வருகிறார்கள். குடற்புழு இருந்தாலும் அந்த எண் ஏறும், கரப்பான் கடுமையாக இருந்தாலும் ஏறும். எதற்கு ஒவ்வாமை என்பதை அது சொல்வதில்லை.

நாட்பட்ட காணாக்கடிக்கு உணவுப் பட்டியல் தேடுவது

ஆறு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் தடித்து மறையும் காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

ஒட்டுப் பரிசோதனையைக் குத்துப் பரிசோதனை என்று நினைப்பது

கொத்தனாரின் கைவெடிப்பு, கவரிங் நகை பட்ட கழுத்து, ஸ்டிக்கர் பொட்டு இருந்த நெற்றி, தலைச்சாயம் பூசியபின் வீங்கிய காது, பார்த்தீனியச் செடி மண்டிய வயலில் நின்றவரின் முகத்தோல் ஆகியவை தொடுதலால் வரும் தாமத ஒவ்வாமைகள். சிமென்டில் குரோமேட்டும், கவரிங்கில் நிக்கலும், பொட்டின் பசையில் ஒரு பிசினும் காரணமாகின்றன. இவற்றில் ஐஜிஇ-க்குப் பங்கில்லை என்பதால் குத்துப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் பயன்படா. முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. சித்திரை வைகாசி வெயிலில் ஒட்டிவிட்டு அனுப்பினால் பட்டை இடுப்பில் வந்து நிற்கும். அவசரம் இல்லாதவர்களை மார்கழி, தை மாதங்களில் வரச் சொல்கிறேன். இரண்டாம் முறை பார்க்க வராமல் இருந்துவிடுபவர்களே அதிகம், தாமதமாகத் தடிப்பதோ அந்த இரண்டாம் முறையில்தான் தெரியும்.

அவில் ஊசி போதும் என்று இருப்பது

உணவோ மருந்தோ குளவிக் கொட்டோ, எதனால் ஆனாலும் சரி, தடிப்போடு மூச்சுத்திணறலோ தொண்டை அடைப்போ மயக்கமோ சேர்ந்தால் முதல் மருந்து அட்ரினலின். அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அவிலும் டெக்சா என்ற ஸ்டீராய்டு மருந்தும் அரிப்பைக் குறைக்கலாம். விழும் ரத்த அழுத்தத்தையும் இறுகும் மூச்சையும் அவை உரிய நேரத்தில் மீட்பதில்லை. ஊசி போட்டபின் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரவிடுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். தேறியதுபோலத் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் மறுபடி வருவதுண்டு. காரணம் கண்டறியும் பரிசோதனையை அந்த வாரமே செய்யக் கேட்காதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்தால்தான் தோல் சரியாகப் பதில் சொல்லும்.