ஊரில் ரத்ததான முகாம் நடத்துவது எப்படி: ஐம்பது பேர், வருஷத்துக்கு மூன்று முறை

செட்டிநாட்டுப் பக்கம் ரத்ததான முகாம் என்றால் பெரும்பாலும் திருவிழாவோடோ தலைவர் பிறந்தநாளோடோ சேர்த்துத்தான் வைப்பார்கள். பந்தல், மைக் செட், இருநூறு பேர், மறுநாள் பேப்பரில் படம். அதோடு அடுத்த வருஷம்தான். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தட்டணுவுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள். இருநூறு பை மொத்தமாகப் போய் இறங்கினால் ரத்த மையம் (ரத்த வங்கி) திணறும். இரண்டு மாதம் கழித்து ஒரு பிரசவக் கேஸுக்குத் தேவைப்படும்போது அதில் ஒரு பைகூட மிஞ்சியிருக்காது. அதனால் முதல்முறை நடத்துகிறவர்கள் ஐம்பது பேரோடு தொடங்குங்கள். அதே ஐம்பது பேர் திரும்ப வரும்படி செய்வதுதான் வேலை.

1. தேதி குறிப்பது

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இருவருக்கும் பொருந்த வேண்டுமென்றால் நான்கு மாதத்துக்கு ஒரு முகாம். தோராயமாகப் போடாமல் காலண்டரில் எண்ணிப் பாருங்கள். ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் தினம், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான தினம் என்று இரண்டு நாளையும் பிடித்துக்கொண்டால் இடைவெளி 109 நாள்தான். ஜூனில் கொடுத்த பெண்கள் அத்தனை பேரையும் அக்டோபரில் திருப்பி அனுப்ப வேண்டிவரும். அக்டோபர் 12 அல்லது அதற்குப் பிறகு வைத்தால் சிக்கல் இல்லை.

வெறும் வயிற்றோடு வருபவரிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆகவே தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நாட்கள், அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கும் நாட்கள், பிள்ளையார் நோன்பு, ரம்ஜான் நோன்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தேதி பாருங்கள். சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர்க்காரர்கள் வந்திறங்கும் கல்யாண நாட்களில் வைத்தால் எண்ணிக்கை கூடும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முகாமுக்கு அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆத்தங்குடி டைல் பட்டறைக்காரர், கடைவீதிக்காரர், வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஊரிலேயே இருப்பவர்களை நம்பித் தொடங்குவதே நல்லது.

2. ரத்த மையத்திடம் பேசுவது

உரிமம் பெற்ற ரத்த மையம் வந்து எடுத்தால்தான் அது முகாம். சிவகங்கை மாவட்ட ஊர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், பொன்னமராவதி, ராயவரம் பக்கத்து ஊர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் கேட்கலாம். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அன்றைக்கு எத்தனை பை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் நாற்பது என்றால் நாற்பதுதான்.

3. இடம்

ஐம்பது முதல் எழுபது பேருக்கு ஆறிலிருந்து எட்டுக் கட்டில், ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று டெக்னீஷியன் இருந்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் முடியும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் இரண்டும் தோது. பழைய வீட்டு வளவு (நடு முற்றப் பகுதி) காற்றோட்டமாக இருக்கும். சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை மருத்துவருக்குக் கொடுத்துவிடலாம். இது முக்கியம். மருத்துவர் மேசையைப் பொது இடத்தில் போட்டால், பக்கத்தில் நிற்கும் பங்காளிக்கு முன்னால் எவரும் தன் நோயையோ பழக்கத்தையோ வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

பூட்டிக் கிடந்த வீடென்றால் கரண்ட் இருக்கிறதா, ப்ளக் பாயிண்ட் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். கை கழுவத் தண்ணீர் வேண்டும். டைல் தரையில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். இன்னொன்று, நம் வீடுகளின் முகப்புப் படி உயரம். ரத்தம் கொடுத்த கையோடு இறங்கும்போது தலைசுற்றி விழுவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. ஓய்வு நாற்காலிகளை உள்ளேயே போட்டு, படியருகே ஒருவர் நிற்கட்டும்.

4. யார் கொடுக்கலாம்

வயது 18 முதல் 65 வரை. முதன்முறை கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி எடுக்கலாம். ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12.5 கிராமாவது இருக்க வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் அதே அளவுதான். பச்சை குத்தியவர், காது மூக்குக் குத்தியவர் 12 மாதம் பொறுக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் கொடுக்க முடியாது. மாத்திரை மட்டும் எடுப்பவரைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். இந்தத் தகவலை வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால், வந்து ஏமாந்து போகிறவர்கள் குறைவார்கள்.

எவர்சில்வர் டப்பா, குலுக்கல் பரிசு, பணம் எதுவும் வேண்டாம். பொருளுக்காக வருபவர் உண்மையை மறைப்பார். எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா ஐந்துக்கும் சோதனை உண்டுதான். ஆனாலும் தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாமல் போகலாம். கொடுப்பவர் உள்ளதைச் சொல்வதுதான் முதல் காவல்.

5. அன்று காலை

இட்லி, இடியாப்பம், உப்புமா நல்லது. நெய்யும் எண்ணெயும் ஒழுகும் விருந்தும் ஆட்டுக்கறியும் ஆகாது. கொழுப்பு ரத்தத்தில் ஏறினால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பாலாட்டம் வெளுத்து, பயன்படாமல் போய்விடும். சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிலுக்குப் போவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வையுங்கள். மயக்கம் வருவது வெகுவாகக் குறையும்.

6. விரல்நுனிச் சோதனை

நீல நிற மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் விரல்நுனி ரத்தத்தை ஒரு சொட்டு விடுவார்கள். 15 விநாடிக்குள் மூழ்கினால் சரி, மிதந்தால் ஹீமோகுளோபின் போதாது. மிதந்துவிட்ட பெண்களிடம் "உனக்கு ரத்தமே இல்லையாம்" என்று சொல்லி அனுப்பும் தன்னார்வலரை அடுத்த முகாமுக்குக் கூப்பிடாதீர்கள். மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

7. கட்டிலில்

ரத்தம் எடுக்க எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து மெதுவாக அழுத்தச் சொல்வார்கள். முகம் வெளுப்பது, மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நிற்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது, பேச்சு நின்றுபோவது: மயக்கம் வருவதற்கு முன் இப்படித்தான் தெரியும். உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அவர் ஊசியை எடுத்துவிட்டுக் காலை உயர்த்தி வைப்பார். எழுப்பி உட்கார வைப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும், சுற்றி நின்று கூட்டம் போடுவதும் கூடாது. முதல்முறைக்காரர் பக்கத்தில் ஏற்கனவே கொடுத்த ஒருவரைப் படுக்க வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

8. பிறகு

பத்து பதினைந்து நிமிடம் உட்காரட்டும். ஜூஸ், பிஸ்கட் போதும். தேன்குழலோ சீப்புச்சீடையோ வைத்தாலும் தப்பில்லை. ஊசி குத்திய இடத்தை அழுத்தியபடி கையை நீட்டியே வைக்க வேண்டும், மடக்கினால் கன்றிப்போகும். தென்னை ஏறுகிறவர், சாரத்தில் நிற்கும் கொத்தனார், பஸ் ஓட்டுநர் அன்று முழுக்க வேலைக்குப் போகக் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

9. நோட்டு

பெயர், ரத்த வகை, கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கலாம் என்ற தேதி, நான்கு பத்தி போதும். சோதனை முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் நடுவில் இருக்கும் விஷயம். அதை நோட்டில் ஏற்ற வேண்டாம். திருப்பி அனுப்பப்பட்டவர்களையும், எப்போது திரும்ப வரலாம் என்று மருத்துவர் சொன்ன தேதியோடு எழுதுங்கள். அடுத்த முகாமுக்குப் பத்து நாள் முன்பு நோட்டை எடுத்து, நாள் நிறைந்தவர்களுக்கு மட்டும் போன் போடுங்கள். நிறையாதவரையும் சேர்த்துக் கூப்பிட்டால், வேலையை விட்டு வந்து வெறுங்கையோடு திரும்புவார். அதற்கடுத்த முறை உங்கள் போனை எடுக்க மாட்டார்.