செல்ஃப் சுற்றுது, வண்டி ஸ்டார்ட் ஆகல: எங்கிருந்து தேடுவது?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. உடனே பலரும் பேட்டரி இறங்கும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அது வேண்டாம். ஒரு தடவைக்கு 10 நொடி போதும். பிறகு அரை நிமிடமாவது செல்ஃப் ஆறட்டும்.

இது இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கான வழி. வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் செல்ஃபே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

1. முதலில் சத்தம்

செல்ஃப் தொய்வாகச் சுற்றினால் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வழக்கமான ஏற்ற இறக்கமே இல்லாமல் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றுகிறதா? வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பல எஞ்சின்களில் மேற்கொண்டு சுற்றினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும்.

2. டேஷ்போர்டு

சாவி படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) சாவியை ஏற்கவில்லை என்று பொருள். இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் முள்ளையும் முழுசாக நம்ப வேண்டாம்.

3. பெட்ரோல் பம்ப்

செல்ஃப் போடாமல் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான கார்களில் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லையா? ஃப்யூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், பம்ப் ரிலேயும் (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஹாரன் ரிலேயும் ஒரே நம்பராக இருக்கும்பட்சத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். செலவே இல்லாத சோதனை. ரீங்காரம் வந்துவிட்டால் பம்ப் முழு நலம் என்று முடிவு கட்ட வேண்டாம். அழுத்தத்தை கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும்.

4. பொறி (ஸ்பார்க்)

சுற்றிய பிறகு சைலன்ஸரில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் எரிபொருள் வருகிறது, எரியத்தான் இல்லை. பிளக் நனைந்துபோயிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் போடுங்கள். பல கார்களில் அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், சிலிண்டர் காயும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இக்னிஷன் காயிலுக்கும் (பொறிக்கு உயர் வோல்ட் தருவது) பிளக்குக்கும் நடுவே ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள். காயிலைக் கையில் பிடித்துச் சோதிக்கும் வீரமெல்லாம் வேண்டாம், ஆயிரக்கணக்கில் வோல்ட் பாயும் இடம் அது.

5. ஸ்கேனர்

பொறியும் இல்லை, இன்ஜெக்டரும் வேலை செய்யவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் எஞ்சின் சுற்றுவதைக் காரின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் போகும். ஓபிடி ஸ்கேனரை (அந்தக் கணினியைப் படிக்கும் கருவி) மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம்மைப் பாருங்கள். 200 சுமாருக்கு ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால், அந்த சென்சாருக்கான 'பி0335' (P0335) பிழைக் கோடு வராவிட்டாலும் சந்தேகம் அங்கேதான். சூட்டில் நின்றுபோய், ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி உண்டு. புது சென்சார் வாங்குமுன் அதன் கனெக்டரையும் வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எலி கடித்திருந்தால் வயரைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடும்.