யூரின் டியூப்: விலையைக் கேட்கிறோம், எடுக்கிற நாளைக் கேட்பதில்லை

மதுரை கோரிப்பாளையம் மெடிக்கல் கடைகளில் சீட்டும் கையுமாக நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "அப்பாவுக்கு யூரின் டியூப். இதைவிட ஒசத்தியா இருந்தா குடுங்கண்ணே." சிறுநீரை வெளியேற்ற சிறுநீர்ப்பைக்குள் விட்டுவைக்கும் குழாய் அது. காசைக் கூட்டினால் கிருமி அண்டாது என்று ஒரு கணக்கு. வெள்ளி பூசிய டியூபையும் சாதா டியூபையும் பிரிட்டனில் 7,000 பேருக்கு மேல் போட்டு ஒப்பிட்டார்கள். 2012-இல் முடிவு வந்தது: சில நாட்களே டியூப் இருப்பவர்களுக்கு வெள்ளிப் பூச்சால் சொல்லும்படி பலன் இல்லை.

தொற்றைக் கொண்டுவருவது நாட்கள்தான். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகச் சேர்கிறது. பாத்ரூமுக்குத் தூக்கிப்போக ஆளில்லை, விரிப்பு நனைகிறது என்பதற்காகவெல்லாம் டியூபை விட்டுவைக்கக் கூடாது. சிறுநீர் அடைப்பு இல்லாத ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் காண்டம் கத்தீட்டர் போதுமா என்று கேளுங்கள்.

"பெருசாப் போட்டா ஒழுகாது" என்பது அடுத்த தவறு. பாக்கெட்டில் 14, 16 என்று இருப்பது டியூபின் தடிமன். மூன்று எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர். டியூபின் வெளிப்பக்க நுனி பச்சையாக இருந்தால் 14, ஆரஞ்சு என்றால் 16. பெரியவர்கள் பலருக்கு இதுவே தாராளம். அதைவிடத் தடித்தது சிறுநீர்ப் பாதையை உறுத்தும். சிறுநீர்ப்பை முறுக்கிக்கொண்டு டியூபின் ஓரத்தில் இன்னும் ஒழுகும். ஒழுகினால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து ரத்தக்கட்டி வருகிறவருக்குத் தடித்தது தேவைப்படலாம். அது டாக்டர் பாடு.

பலூன் ஊதினால் உதடு அரிப்பவர், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவருக்கு லேடெக்ஸ் ரப்பர் டியூப் ஆகாது, சிலிக்கான்தான்.

சிறுநீர் சேரும் பையைத் தூக்கி வைக்கிற தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தப்பாவை டிஸ்சார்ஜ் செய்து உசிலம்பட்டிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். கூச்சத்தில் அவர் யூரின் பையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டார். செக்கானூரணியில் டீக்கு நிறுத்தியபோதுதான் கவனித்தேன்: குழாயில் மஞ்சள் நீர் அவர் பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. பையை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டோம். அப்படியே டிஸ்சார்ஜ் சீட்டையும் புரட்டினேன். டியூபை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. வார்டுக்குப் போன் போட்டால், "அது நேத்தே எடுத்திருக்கணுமே!" என்றார்கள்.

ஆட்டோவைத் திருப்பினோம். டியூபை எடுத்த பிறகு சித்தப்பா இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். இருட்டுவதற்குள் தானாகவே போய்விட்டு வந்தார்.