மலையகத்திலிருந்து திருச்சி, சென்னை போகிறவர்களுக்கு: இந்திய இ-வீசாவும் பதிவும்

கடவுச்சீட்டு இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்.

இந்திய அரசின் வீசா இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே சாயலில் கூடுதல் பணம் கறக்கும் தளங்கள் நிறைய. வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம் ஒன்றும், கடவுச்சீட்டின் விபரப் பக்கம் பிடிஎப் கோப்பாகவும் தேவை. அந்தக் கோப்பு 300 கேபியைத் தாண்டினால் ஏறாது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடையில் கொடுத்து நிரப்பினால், பணம் கட்டுமுன் பெயரை எழுத்தெழுத்தாக நீங்களே பாருங்கள். நம் ஆட்களுக்கு அடிக்கடி சிக்கல் வருவது இங்கேதான்: அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் வேறொன்று. கடவுச்சீட்டில் உள்ளதையே போடுங்கள். கட்டிய பணம் திரும்பாது.

30 நாள் வீசாவில் அச்சாகியிருக்கும் காலாவதித் திகதி, அதற்குள் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்கானது. தங்கும் 30 நாள் இறங்கிய அன்று தொடங்கும். அதை நீட்டிக்க முடியாது.

விமான நிலையத்தில் கைரேகை எடுப்பார்கள். இ-வீசா அனுமதித் தாளின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருங்கள், போனை நம்ப வேண்டாம்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அறிவிக்கும் படிவத்தை (முன்பு 'சி' படிவம்) இணையத்தில் பதிய வேண்டும். "மாமா வீடுதானே" என்று விடுவது வழக்கம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஹோட்டல் என்றால் அவர்களே பதிவார்கள்.