சாதாரண மானிட்டரில் மூக்குக் கண்ணாடி இல்லாத முப்பரிமாணம்: தடுப்பு பிலிம் செய்து பொருத்தும் முறை

தமிழில் ஒரு சங்கடம் உண்டு: மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. இந்தக் குறிப்பில் முதலாவது வேண்டவே வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியப் பொருள். அதனால் இனி 'கண்ணாடி' என்றால் தட்டைக் கண்ணாடி மட்டுமே; நம் முக்கியக் கண்ணாடியின் தடிமன் 3 மிமீ.

வேலை செய்யும் விதம் எளிது. திரைக்கு முன்னால் சில மில்லிமீட்டர் தள்ளி, கறுப்புக் கோடுகளும் இடையிடையே ஒளி புகும் கீற்றுகளும் உள்ள ஒரு பிலிம் நிற்கிறது. ஒரே கீற்றின் வழியாக இடது கண் ஒரு பிக்சல் வரிசையையும் வலது கண் அதன் பக்கத்து வரிசையையும் பார்க்கும். ஃபிரெடெரிக் ஐவ்ஸ் 1903-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. 2011-இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் இதே தடுப்பைத் திரவப் படிகத்தால் செய்து, வேண்டாதபோது அணைக்கவும் வழி வைத்தது. நாம் செய்யப்போவது அணைக்க முடியாத, கழற்றி வைக்கக்கூடிய வகை.

எந்த மானிட்டர்

23.8 அங்குலம், 1920 × 1080, ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை) பேனல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெட்டியில் '24 அங்குலம்' என்று இருந்தாலும் நம்பாமல் விவரத் தாளில் திரையின் செயல்பரப்பைப் பாருங்கள். 527.04 × 296.46 மிமீ என்றால் பிக்சல் இடைவெளி 0.2745 மிமீ. உண்மையான 24 அங்குலத் திரையில் அது ஏறக்குறைய 0.2768. இந்த வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை; ஆனால் பிலிம் குப்பைக்குப் போக இது தாராளமாகப் போதும்.

மானிட்டரை நிமிர்த்தி, உயரவாக்கில் வையுங்கள். இதைச் சொல்லாத குறிப்புகளைப் பின்பற்றியவர்கள் எல்லாரும் ஒரே புகாரோடு வருவார்கள்: தலையை அசைத்தால் படம் பச்சையாகிறது, பிறகு ஊதாவாகிறது. காரணம், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. குறுகிய செங்குத்துக் கீற்று நடுவிலுள்ள பச்சையை முழுதாகவும், மற்ற இரண்டையும் பாதியளவுக்கும் காட்டும். திரையைத் திருப்பி வைத்தால் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். கீற்று எங்கே விழுந்தாலும் மூன்றும் சம அளவில் தெரியும்.

ஐபிஎஸ் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். டிஎன் என்னும் வேறு வகைப் பேனலில் மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் வேறு நிறம். அதைத் திருப்பி வைத்தால் அந்த வேறுபாடு உங்கள் இரண்டு கண்களுக்கும் இடையில் வந்து உட்காரும்.

முடிந்தால் பளபளப்பான முகப்புள்ள திரையே நல்லது. சொரசொரப்பான மேற்பரப்பு தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குத் தெளிவாகவும், தள்ளி இருக்கும் பொருளுக்கு மங்கலாகவும் இருக்கும். இங்கே கீற்று மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், பக்கத்துப் பிக்சலின் ஒளி சிதறி உள்ளே புகுந்துவிடும்.

கணக்கு

கண்களுக்கு இடையிலான தூரத்தை 63 மிமீ என்று எடுத்துக்கொள்வோம். 'பிட்ச்' என்பது ஒரு கீற்றின் நடுவிலிருந்து அடுத்த கீற்றின் நடு வரையுள்ள தூரம்; 'பிக்சல்' என்பது மேலே சொன்ன பிக்சல் இடைவெளி.

பிலிமின் பிட்ச் = 2 × பிக்சல் × கண் தூரம் ÷ (கண் தூரம் + பிக்சல்)

அதாவது 0.549 × 63 ÷ 63.2745 = 0.546618 மிமீ. இரண்டு பிக்சலுக்குச் சமமான 0.549-ஐ அப்படியே போடுவதுதான் முதல்முறை செய்பவர்களின் வழக்கமான தவறு. 540 பிக்சல் ஜோடிகள் உள்ள அகலத்தில் 542.4 கீற்றுகள் அடங்க வேண்டும். அந்த 2.4-ஐ விட்டுவிட்டால், திரையின் நடுவில் சரியாக இருக்கும் படம் ஓரத்துக்குப் போகும் வழியில் இடவலம் மாறிவிடும்.

இந்தச் சூத்திரத்தில் பார்க்கும் தூரம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிலிம் அச்சாகிவிட்டால் அது எந்தத் தூரத்துக்கும் பொருந்தும். தூரத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியின் தடிமன். எனவே பிட்சைத் துல்லியமாக ஒருமுறை அடைந்துவிட்டால், மற்றதையெல்லாம் தடிமனை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

பார்க்கும் தூரம் = பயன் இடைவெளி × கண் தூரம் ÷ பிக்சல்

'பயன் இடைவெளி' என்பது பிக்சலுக்கும் பிலிமுக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் வகுத்துக் கூட்டியது. பேனலின் சொந்தக் கண்ணாடி சுமார் 0.7 மிமீ, அதன் மேல் போலரைசர் (ஒளியை ஒரே திசை அதிர்வுக்கு வடிகட்டும் படலம்) சுமார் 0.2 மிமீ என்றால் இரண்டும் சேர்ந்து 0.59. நாம் வைக்கும் 3 மிமீ கண்ணாடிக்கு 3 ÷ 1.52 = 1.974. மொத்தம் 2.564 மிமீ, பார்க்கும் தூரம் 588 மிமீ. 2 மிமீ கண்ணாடி வைத்தால் 437 மிமீ, 4 மிமீ வைத்தால் 739 மிமீ. பேனல் கண்ணாடியின் தடிமன் பல மாடல்களில் 0.5 மிமீதான் இருக்கும். அப்படியானால் தூரம் கொஞ்சம் குறையும், வேறொன்றும் கெடாது.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வைக்கலாமா? வேண்டாம். 10 டிகிரி வெப்பம் ஏறினால் 296 மிமீ அக்ரிலிக் ஏறக்குறைய 0.2 மிமீ நீளும். பிலிமை அதில் ஒட்டியிருந்தால் ஒரு பிட்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்ந்துவிடும். மானிட்டரே சூடாகும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடி அதே வெப்பத்துக்கு 0.03 மிமீகூட நீளாது.

பிலிம்

அலுவலக லேசர் பிரின்டரும் ஓவர்ஹெட் தாளும் இதற்கு ஆகாது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு புள்ளி 0.042 மிமீ, கோடுகள் அங்கங்கே முன்பின் தள்ளி விழுந்து, தனியாக ஒரு பட்டை வரிசையை உண்டாக்கும். சூட்டில் தாள் நீள்வது இதற்கு மேல். அச்சுத் தொழிலிலும் சர்க்யூட் போர்டு தொழிலிலும் பயன்படும் இமேஜ்செட்டர் அல்லது ஃபோட்டோபிளாட்டரில் (ஒளியால் பிலிமில் வரையும் இயந்திரங்கள்), 2540 டிபிஐ அல்லது அதற்கு மேல், பாலியஸ்டர் பிலிமில் எடுக்கச் சொல்லுங்கள்.

2540 டிபிஐயில் ஒரு புள்ளி 0.01 மிமீ. நம் பிட்ச் 54.66 புள்ளி. அதை 55 என்று முழுமையாக்கி ஒரு கோட்டை நகலெடுத்து அடுக்கினால் கடைசிக் கீற்று 1.8 மிமீ தள்ளி நிற்கும். அது மூன்று பிட்சுக்கும் மேல். ஒவ்வொரு கீற்றின் இடத்தையும் 'வரிசை எண் × 0.546618' என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் அருகிலுள்ள புள்ளிக்கு நகர்த்துங்கள். அப்போது எந்தக் கீற்றிலும் பிழை 0.005 மிமீயைத் தாண்டாது.

கோப்பை 1-பிட் (கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள) டிஃப் படமாகவோ, நான்கு தசம இடங்களோடு வெக்டர் பிடிஎஃப் ஆகவோ கொடுக்கலாம். ஹாஃப்டோன் ஸ்கிரீன் (படத்தைச் சிறு புள்ளிகளாக உடைப்பது) வேண்டாம், 'பக்கத்துக்குப் பொருத்து' வேண்டாம், 100 சதவீத அளவு என்று எழுதியே கொடுங்கள். சுற்றிலும் 10 மிமீ கூடுதலாக விடுங்கள். மேலே சரியாக 280 மிமீ இடைவெளியில் இரண்டு சிலுவைக் குறிகள் போடுங்கள். அளவு தப்பியதா என்று பிறகு பார்க்க அவை உதவும்.

கீற்றின் அகலம் 0.20 மிமீ. ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மானிட்டரை முழு வெளிச்சத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். இந்த அகலத்தில் தலையை இருபுறமும் 8 மிமீ வரை அசைத்தாலும் மறு கண்ணின் படம் கசியாது. 0.137 மிமீ ஆகக் குறைத்தால் அந்தச் சுதந்திரம் 16 மிமீ ஆகும், வெளிச்சம் கால் பங்காகும். இருட்டறையில் பார்ப்பவர்கள் இரண்டாவதை எடுக்கலாம், மற்றவர்களுக்கு 0.20 போதும்.

பொருத்துவது

கண்ணாடியைத் திரைச் சட்டத்தின் உள்ளளவைவிட 1 மிமீ சிறிதாக வெட்டி, விளிம்புகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் மேல் உட்காரும்படி பெரிதாக வெட்டினால் உள்ளே காற்று நிற்கும். காற்றுக்கு வகுத்தல் கிடையாது, 1.5 மிமீ காற்று என்றால் 1.5 மிமீ அப்படியே கூடி, பார்க்கும் தூரம் 930 மிமீக்கு ஓடிவிடும்.

இந்த அளவுக் கண்ணாடி 1.2 கிலோ வரை கனக்கும். திரையை மட்டும் நம்பிச் சாய்க்காமல் கீழே ஒரு தாங்கு சட்டம் கொடுத்து, மானிட்டரை 5 டிகிரி பின்னால் சாய்த்து வையுங்கள். பேனலை அழுத்தினால் மேகம் போன்ற திட்டுகள் விழும்.

பிலிமை வாங்கி வந்ததும் மாட்டாதீர்கள். பாலியஸ்டர் ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் நீளும், சுருங்கும். மானிட்டர் இருக்கும் அறையிலேயே சில மணி நேரம் விரித்து வைத்துவிட்டு, பிறகு சிலுவைக் குறிகளை அளந்து பாருங்கள். எமல்ஷன் பக்கம் (கறுப்புக் கோடுகள் பதிந்த பக்கம், சாய்த்துப் பார்த்தால் மங்கலாகத் தெரிவது) கண்ணாடியைத் தொட வேண்டும். அதன் மேல் 1 மிமீ மெல்லிய கண்ணாடி வைத்து, ஓரங்களில் மட்டும் கிளிப் போட்டால் பிலிம் உப்பாமல் தட்டையாக நிற்கும்.

இனிச் சோதனைப் படம். இடது கண்ணுக்கான பிக்சல் வரிசைகள் முழு வெள்ளை, வலது கண்ணுக்கானவை முழுக் கறுப்பு. 588 மிமீ தூரத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். முதலில் சாய்வான பட்டைகள் தெரியும். பிலிம் கோணலாக இருக்கிறது என்று பொருள். மேல் விளிம்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். பட்டைகள் அகன்று, நிமிர்ந்து, செங்குத்தாகி, பிறகு திரை முழுதும் ஒரே வெள்ளையாகவோ ஒரே கறுப்பாகவோ மாறும். மேல் விளிம்பில் 0.14 மிமீ கோணல் இருந்தாலும் கால் பிட்ச் தவறு. அதனால் கையால் தள்ளுவதைவிட இரு பக்கமும் ஒரு மெல்லிய திருகு வைத்துத் தள்ளுவது மேல்.

நேராக்கிய பிறகும் செங்குத்துப் பட்டைகள் மிஞ்சினால், தலையை முன்பின் நகர்த்திப் பாருங்கள். பட்டைகள் மறையும் தூரம் 588-ஐவிட அதிகமானால் பிலிம் நீண்டுவிட்டது, குறைந்தால் சுருங்கிவிட்டது. வெறும் 0.05 சதவீத நீட்சி, அதாவது 280 மிமீயில் 0.14 மிமீ, இந்தத் தூரத்தை 665 மிமீ ஆக்கிவிடும். தடிமனை மாற்றி இதைச் சமாளிக்க முயல வேண்டாம். அச்சுக்கூடத்தில் அளவைத் திருத்தி மறுபடி எடுப்பதே வழி.

தடிமனுக்கு வேறு சோதனை. மேசையில் ஒரு அளவுகோலை வைத்து, கைபேசிக் கேமராவின் எக்ஸ்போஷரை (ஒளி அளவை) மாறாமல் பூட்டி, அதைக் கண்ணின் இடத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்கு 126 மிமீ வர வேண்டும். குறைந்தால் இடைவெளி கூடுதல் (பெரும்பாலும் மறைந்திருக்கும் காற்று), கூடினால் இடைவெளி போதாது. பிட்ச் பிழையையும் தடிமன் பிழையையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்துபவர்களுக்கு இந்த வேலை முடிவதே இல்லை.

படம் தயாரிப்பது

ஒவ்வொரு கண்ணின் படத்தையும் அகலவாக்கில் 540 வரிசைக்குச் சுருக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்க வேண்டும். கீற்றின் வழியே பார்வை குறுக்காகப் போவதால், ஜோடியில் வலப்பக்க வரிசைதான் இடது கண்ணுக்கு. மாறிப்போனால் மேடு பள்ளமாகத் தெரியும். ஒரு பிக்சல் வரிசை நகர்த்தினாலே சரியாகிவிடும்.

கோத்த படத்தை ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். அது பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தை ஒன்றாகக் கலக்கும். இங்கே பக்கத்துப் பிக்சல் மறு கண்ணுக்குச் சொந்தமானது. பிஎன்ஜி போதும். வீடியோவானால் இரு கண் படங்களையும் தனித்தனியே வைத்து, ஓடும்போது கோக்க வேண்டும். திரையின் ஷார்ப்னஸ், ஓவர்ஸ்கேன் (படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குவது), இயங்குதளத்தின் பெரிதாக்கல் எல்லாவற்றையும் அணையுங்கள். எச்டிஎம்ஐ வெளியீடு 4:4:4 (நிறத் தகவலைக் குறைக்காத முறை) ஆக இருக்கட்டும்.

எவ்வளவு கவனித்தாலும் சிறிது கசிவு (ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குத் தெரிவது) மிஞ்சும். கேமராவை இடது கண் இடத்தில் வைத்து, வலது வெள்ளை–இடது கறுப்பு படத்தின் ஒளியை, இடது வெள்ளை–வலது கறுப்பு படத்தின் ஒளியால் வகுங்கள். இரண்டிலும் முழுக் கறுப்புப் படத்தின் ஒளியை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 4-க்கு 50 என்றால் 8 சதவீதம். ஒவ்வொரு கண்ணின் படத்திலிருந்தும் மறு கண் படத்தின் 8 சதவீதத்தைக் கழித்தால் நிழல் உருவம் மறையும். காமா வளைவை (படக் கோப்பின் எண்ணுக்கும் திரையின் ஒளிக்கும் உள்ள வளைந்த தொடர்பை) நீக்கிய நேர்கோட்டு ஒளி மதிப்பில் கழிக்க வேண்டும். கறுப்பையும் அதே அளவுக்கு உயர்த்தியிருக்க வேண்டும், கழிக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

பல பார்வைகள்

ஒருவர் ஒரே இடத்தில் உட்காராமல் பார்க்க வேண்டுமானால் ஐந்து பார்வைத் திரை, அதாவது ஐந்து கோணப் படங்களை ஐந்து இடங்களுக்குக் காட்டும் திரை. மானிட்டர் கிடைமட்டமாகவே இருக்கட்டும். இப்போது அலகு பிக்சல் அல்ல, துணைப்பிக்சல்: 0.0915 மிமீ. பிட்ச் 5 × 0.0915 × 63 ÷ 63.0915 = 0.456837 மிமீ, கிடைமட்டமாக அளந்தால். கீற்றுகளை 18.43 டிகிரி சாய்க்க வேண்டும். ஒரு வரிசை இறங்கும்போது சரியாக ஒரு துணைப்பிக்சல் நகரும் கோணம் அது. நிறப் பிரச்சினையை இங்கே தீர்ப்பது இந்தச் சாய்வுதான். எந்தத் துணைப்பிக்சல் எந்தப் பார்வைக்கு என்பது, நிரல் எண்ணோடு வரிசை எண்ணைக் கூட்டி ஐந்தால் வகுத்த மீதி. சாய்வு மறுபுறம் என்றால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்.

அதே 3 மிமீ கண்ணாடிக்குப் பார்க்கும் தூரம் 1765 மிமீ. ஆனால் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. சாய்வினால் பக்கத்துப் பார்வைகள் ஓரளவு கலக்கவும் செய்யும், எனவே படத்தின் ஆழத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். எட்டுப் பார்வை, ஒன்பது பார்வை என்று போகிறவர்கள் பிலிமை விட்டு லென்ஸ் வரிகள் கொண்ட தகட்டுக்கு மாறுவதே நல்லது. அது ஒளியைத் தடுக்காது, வளைத்து அந்தந்தக் கண்ணுக்கு அனுப்பும். கடையில் கிடைக்கும் தகட்டின் பிட்ச் உங்கள் திரைக்குப் பொருந்தாது. தகட்டைச் சாய்த்தும், துணைப்பிக்சல் கணக்கை மென்பொருளில் பின்னமாக வைத்தும் ஈடுகட்டலாம்.